பேவர் பிளாக் வாசலில் ஊறிப்போன இன்ஜின் ஆயில் கறை: ஆசிட் ஊற்றலாமா?

காட்பாடி வாசி:

வணக்கம். காட்பாடியில் எங்கள் வீட்டு முன்வாசலில், கேட்டிலிருந்து படிக்கட்டு வரைக்கும் சிவப்பும் சாம்பல் நிறமும் கலந்த பேவர் பிளாக் பதித்திருக்கிறோம். மாடியில் குடியிருப்பவர் தம்முடைய லோடு ஆட்டோவை இரவு நேரத்தில் அங்கேதான் நிறுத்துகிறார். வண்டியின் அடியிலிருந்து ஆயில் சொட்டிச் சொட்டி, நடுவாசலில் முறம் அகலத்துக்குக் கறுத்துவிட்டது. நடுப்பகுதி பழைய கறை. கல்லுக்குள் ஊறிப்போனதால் தொட்டால் கையில் ஒட்டுவதில்லை. ஓரங்களில் இருப்பது சமீபத்தில் சொட்டியது. வெயில் ஏறினால் பளபளவென்று மேலே கசிகிறது. காலையில் கோலம் போடும் இடமும் அதுவே என்பதால் வீட்டில் தினமும் இதே பேச்சாக இருக்கிறது.

ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பெட்ரோலை ஊற்றித் துடைத்தால் நொடியில் போய்விடும் என்கிறார். பாத்திரம் கழுவும் சோப்பே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. எங்களுடைய போர்வெல் தண்ணீரோ உப்பு ஏறிய தண்ணீர். அதில் சோப்பு சரியாக நுரைப்பதே இல்லை. வாசல் தண்ணீர் வடிகிற பக்கத்தில் பழைய கிணறு ஒன்று இருப்பதால், கண்டதையும் கரைத்துக் கொட்ட மனம் வரவில்லை. ஆனி மாதம் வீட்டில் ஒரு விசேஷம் வைத்திருக்கிறோம். அதற்குள், கல்லைக் கெடுக்காமல் கறையை மட்டும் எடுக்க எந்த முறை ஏற்றது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சத்துவாச்சாரி பொறியாளர் (ஓய்வு):

ஐயா, முதலில் அந்த ஆசிட் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். கடையில் தருவது பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஆயிலை ஒன்றும் செய்யாது, சிமென்டைத்தான் தின்னும். ஊற்றியவுடன் பொங்கி நுரைப்பதைப் பார்த்துக் கறை கழன்று வருவதாகப் பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே பொங்குவது, பிளாக்கில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அமிலம் கரைக்கும்போது கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு. மேல்தோல் அரிக்கப்பட்டதும் சிவப்பு மங்கி, உள்ளே இருக்கும் மணலும் ஜல்லித் துகளும் வெளியே தெரியத் தொடங்கும். தரை சொரசொரப்பாகி, அடுத்து விழும் ஆயிலை முன்னைவிட வேகமாகக் குடிக்கும். சாயம் சேர்த்த பிளாக்குகள் பலவற்றில் நிறம் மேலடுக்கில் மட்டுமே இருப்பதால், போன நிறம் திரும்பி வராது. ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரையும் தூவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், மூடிய கார் ஷெட்டில் அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து.

காங்கிரீட் பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதன் உள்ளே நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. சிமென்ட் இறுகும்போது மிஞ்சிய நீர் இருந்த இடங்கள் அவை. ஆயில் அந்தத் துளைகள் வழியே தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. சூட்டில் ஆயில் இளகும் என்பதால், நம் ஊர்க் கத்திரி வெயிலில் அது இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே தேய்ப்பதால் போவது மேலாக இருப்பது மட்டுமே. உள்ளே இறங்கியதை எடுக்க வேண்டுமானால், தலைவலிக்குப் பற்றுப் போடுவதைப் போலக் கல்லுக்கும் ஒரு பற்றுப் போட்டு அதை வெளியே இழுக்க வேண்டும்.

ஓரத்தில் கசியும் புதிய ஆயிலின் மேல் மரத்தூளைத் தாராளமாகக் கொட்டி, காலால் அழுத்தித் தேய்த்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். சாமில்களில் இது கிடைக்கும். காலையில் அதைக் கூட்டி அள்ளிவிட்டு, ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவும் அதே அளவு டிடர்ஜென்ட் பவுடரும் கரைத்து, கறையின் மேல் ஊற்றி, காயவிடாமல் இருபது நிமிடம் ஊறவையுங்கள். பிறகு நைலான் பிரஷ் கொண்டு தேய்க்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் கல்லில் சிக்கி, பிறகு துருக் கறையாகத் தலைகாட்டும். சலவை சோடா எதற்கு என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றைக் காரம் சோப்பாக மாற்றிவிடும்; இன்ஜின் ஆயில் பெட்ரோலியத்திலிருந்து வருவதால் எவ்வளவு காரம் போட்டாலும் சோப்பாக மாறாது. அதைத் துளித்துளியாகப் பிரித்து நீரில் மிதக்கவைப்பது டிடர்ஜென்ட்டின் வேலை. உங்கள் போர்வெல் நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த வேலையைக் கெடுக்காதபடி அவற்றைப் படியவைத்து ஒதுக்குவதே சோடாவின் முதல் உதவி. இதற்காகக் காஸ்டிக் சோடாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது கையையும் கண்ணையும் பொசுக்கும், பலனோ கூடுதலாக ஒன்றுமில்லை.

தேய்த்த பிறகு அந்தக் கறுப்புத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கிணற்றுப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். பழைய சாக்கையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச வைத்து அள்ளிய பின், சிறிதளவு நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதுமானது.

பழைய கறைக்குத்தான் பற்று. கல் நன்றாகக் காய வேண்டும். துளைகளில் தண்ணீர் நின்றால் டர்பன்டைன் உள்ளே இறங்காது. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைச் சாக்குக்கட்டிப் பொடி, டால்கம் பொடி அல்லது முல்தானி மிட்டியோடு கலந்து கெட்டியான விழுதாக்கி, கறையின் எல்லையைத் தாண்டி நான்கு விரல் அகலம் வெளியே வரும்படி ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். மேலே பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களில் மணலோ கல்லோ வைத்து அழுத்தி, 24 மணி நேரம் மூடி வையுங்கள். மூடியிருக்கும் வரை டர்பன்டைன் கல்லுக்குள் இறங்கி ஆயிலைக் கரைக்கும். தாளை எடுத்த பின் அது பொடியின் வழியாகக் காய்ந்து வெளியேறும்போது, கரைந்த ஆயிலையும் கூடவே மேலே கொண்டுவந்து பொடியில் விட்டுவிடும். பற்று முழுவதும் காய்ந்து வெடித்ததும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுங்கள். அடிப்பக்கம் பழுப்பாக இருந்தால் ஆயில் வந்திருக்கிறது என்று பொருள். ஒரே முறையில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காமல், பழுப்பு வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். சிவப்பு நிறம் எப்படித் தாங்குகிறது என்பதை முதலில் மூலையில் ஒரு பிளாக்கில் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஓடிய வண்டியின் ஆயில் கறுப்பாக இருப்பது அதில் கலந்த கரித்துகளால். ஆயிலே வெளியேறிய பிறகும் அந்தக் கரி துளைகளில் தங்கி, மங்கலான சாம்பல் நிழலாகத் தெரியக்கூடும். வெயிலும் மழையும் பட்டு, நடை நடந்து அது மெல்ல மறையும்.

இராணிப்பேட்டை பட்டறைக்காரர்:

பொறியாளர் ஐயா சொன்ன முறையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வண்டி இன்னும் அங்கேயே நின்று சொட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் எத்தனை பற்றுப் போட்டாலும் அது அடுத்த கறைக்கு வாசலைச் சுத்தம் செய்து கொடுப்பதாகவே முடியும். மாடியில் இருப்பவரிடம் சொல்லி, இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்துவைக்கச் செய்யுங்கள். காலையில் கறுப்பாகவோ பழுப்பாகவோ சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில்; கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். நீர்த்த நிலையில், வெளிர் மஞ்சளாக, தண்ணீர் விட்டால் கரைந்துபோனால் பிரேக் ஆயிலாக இருக்கலாம்; அப்படியானால் கறையை விட்டுவிட்டு வண்டியை முதலில் பட்டறைக்கு அனுப்புங்கள், அது பிரேக் விவகாரம். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் தண்ணீரில் கரைபவை என்பதால் அவற்றுக்கு டர்பன்டைன் எதுவும் தேவைப்படாது.

இன்ஜின் ஆயில் என்றால், பெரும்பாலும் பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருக்காது. இரண்டுமே சில்லறைச் செலவு. ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய வாஷரையே போட்டு, ஒழுகினால் போல்ட்டை இன்னும் இறுக்கி, கடைசியில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் மரையையே அறுத்துவிடுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். டேப்பட் கவர் பேக்கிங்கோ கிராங்க் சீலோ போயிருந்தால் செலவு கொஞ்சம் ஏறும். பழுது பார்க்கும் வரை வண்டிக்கு அடியில் ஒரு பழைய தட்டில் மரத்தூளைப் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைப் பற்றி ஒரே வார்த்தைதான்: தொடாதீர்கள். அதன் ஆவி உறைபனிக் குளிரிலேயே தீப்பற்றக்கூடியது. தரையோடு தரையாகத் தவழ்ந்து போய், எங்கோ தள்ளியிருக்கும் நெருப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரிச் சூட்டில் அவற்றின் ஆவியும் பற்றிக்கொள்ளும். மே மாதத்து வேலூரில் காற்றின் வெப்பமே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் கிடக்கும் கல்லின் சூடு அதற்கும் மேல். எனவே பற்றை நடுப்பகலில் போடக் கூடாது. வெயில் தாழ்ந்து கல் ஆறிய பிறகு போடுங்கள். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாட்களுக்கும் பகலில் அந்த இடத்துக்கு நிழல் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வாசலில் விளக்கேற்றும் வழக்கம் இருந்தால், பற்று காய்ந்து வாடை போகும் வரை விளக்கை உள்ளே மாடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் மெதுவாகக் காய்வதாலும் அதன் வாடை வெகு நாள் நிற்பதாலும், இந்த வேலைக்கு டர்பன்டைனே மேல் என்பது என் கருத்து.

ஆரணி அம்மா:

கோலம் போடும் வாசல் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் ஊரில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. எனவே மரத்தூளுக்குப் பதிலாக உமிச் சாம்பலைத்தான் பயன்படுத்துகிறோம். மாவரைக்கும் மிஷின் அடியில் சொட்டும் ஆயிலுக்கும், வண்டியிலிருந்து சொட்டியதற்கும் அதையே அள்ளிக் கொட்டி மூடிவிடுவோம். விடிவதற்குள் ஈரம் முழுவதையும் குடித்திருக்கும். கோலப்பொடியைக் கொட்டினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இப்போது விற்கும் கோலப்பொடி பெரும்பாலும் வெள்ளைக் கல்லை அரைத்த மாவு. விரலிடுக்கில் நறநறவென்று இறங்கும் அந்தப் பொடி ஆயிலின் மேல் பரவுகிறதே தவிர, அதிகம் உறிஞ்சுவதில்லை. சாக்பீஸ் தூள் அதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று, மளிகைக் கடையில் ‘சோடா’ என்று மட்டும் கேட்டால் ஆப்ப சோடாவைக் கொடுத்துவிடுவார்கள். அது இந்த வேலைக்குப் போதிய காரமில்லாதது. சலவை சோடா என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். கையுறை இல்லாமல் அதைத் தொட்டுத் தேய்த்தால் விரல் நுனி வறண்டு வெடிக்கும்.

உங்கள் படிக்கட்டு கடப்பா கல்லாக இருந்தால் ஆசிட் அந்தப் பக்கமே தெறிக்கக் கூடாது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் இனம். ஒரு சொட்டு விழுந்தாலும் கறுப்பு போய் வெள்ளைத் தழும்பு நிற்கும். எங்கள் பழைய வீட்டுத் திண்ணை ஓரத்தில், கழிவறைக்கு வாங்கிய ஆசிட் பாட்டிலின் அடி வட்டம் இன்றைக்கும் அச்சு மாறாமல் தெரிகிறது. ஆயில் பட்டால் கடப்பா கல் கூடுதலாகக் கறுக்குமே ஒழிய அசிங்கமாகத் தெரியாது; கால் வழுக்காமல் இருக்கச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போதும்.

சத்துவாச்சாரி பொறியாளர் (ஓய்வு):

அம்மா சொன்ன உமிச் சாம்பல் மிக நல்ல உறிஞ்சி. அதில் பெரும்பகுதி நுண்துளைகள் கொண்ட சிலிக்கா. ஆனால் சரியாக எரியாத கறுப்புச் சாம்பலில் கரி மிச்சமிருக்கும். அதைப் புதிதாகச் சொட்டிய ஆயிலின் மேல் கொட்டி அள்ளுவதில் தவறில்லை. டர்பன்டைனோடு பிசைந்து பற்றாகப் போட்டால், ஏற்கெனவே கரி ஏறிய துளைகளில் நாமே மேலும் கரியை ஏற்றியதாகிவிடும். பற்றுக்கு வெள்ளைப் பொடியே வேண்டும். ஆயில் எவ்வளவு வந்தது என்பதும் அதில்தான் தெரியும்.

காட்பாடி வாசி:

எல்லோருக்கும் நன்றி. மாடியில் இருப்பவர் டிரெயின் போல்ட் வாஷரை மாற்றிவிட்டார். அட்டையில் இப்போது சொட்டு விழவில்லை. ஓரத்துக் கறை மரத்தூளிலும் சோடாத் தண்ணீரிலுமே போய்விட்டது. நடுவில் பற்றுப் போட்டதில் முதல் தடவை பொடியின் அடிப்பக்கம் தேன் நிறத்தில் வந்தது, அடுத்த தடவை அதைவிட வெளிறியிருந்தது. ஆயினும் நட்டநடுவில் உள்ள சில பிளாக்குகள் மட்டும் இன்னும் கறுப்பாகவே நிற்கின்றன. வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவும் பிரஷர் மிஷினைக் கொண்டுவந்து அடித்தால் மிச்சமும் போய்விடுமா? எடுத்த பொடியை எங்கே போடுவது என்பதையும் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி பொறியாளர் (ஓய்வு):

பிரஷர் மிஷின் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பேவர் பிளாக் சிமென்ட் வைத்து ஒட்டியதல்ல. மணல் படுகையின் மேல் அடுக்கி, இடுக்குகளில் நைஸ் மணலை நிரப்பி இறுக்கியது. வேகமாகப் பாயும் நீர் முதலில் அந்த இடுக்கு மணலைத்தான் கிளப்பும். பிறகு பிளாக்குகள் ஆடத் தொடங்கும். அதோடு, கரைந்த ஆயிலும் அதே இடுக்கு வழியாக அடி மணலுக்கு இறங்கி, கிணறு இருக்கும் திசையில் ஊறும்.

சிமென்ட் தரைக்கு இல்லாத ஒரு வசதி பேவர் பிளாக்குக்கு இருக்கிறது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கறுத்த கற்களைத் தனியாகப் பெயர்த்தெடுத்து, சுற்றுச்சுவர் ஓரத்திலோ பூந்தொட்டிக்கு அடியிலோ இருக்கும் அதே நிற, அதே அளவுக் கற்களோடு இடம் மாற்றிவிடலாம். முதல் கல்லை எடுப்பதுதான் சிரமம். அதைச் சுற்றியுள்ள மணலைத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் கிளறி எடுத்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஸ்க்ரூடிரைவர்களைச் செருகி, இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக நெம்பினால் கல் மேலே வரும். ஒரே பக்கம் கடப்பாரையை வைத்து நெம்பினால் பக்கத்துக் கல்லின் விளிம்பு உடைந்துவிடும். முதல் கல் வந்துவிட்டால் மற்றவை கையோடு வரும். அடி மணலில் ஆயில் வாடை இருந்தால் அந்த மணலையும் கரண்டியால் அள்ளிவிட்டுப் புது மணலைப் போட்டு, மட்டம் பார்த்து, கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். இடுக்குகளில் காய்ந்த நைஸ் மணலைத் துடைப்பத்தால் தள்ளி நிரப்பினால் வேலை முடிந்தது. கல்லை அப்படியே குப்புறத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றும். அடிப்பக்கத்தில் சாயமும் இருக்காது, விளிம்பில் சரிவும் இருக்காது என்பதால் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

இராணிப்பேட்டை பட்டறைக்காரர்:

பொடி விஷயம்: டர்பன்டைன் வாடை முழுவதும் போகும் வரை திறந்த வெளியில், அடுப்புக்கும் பீடி சிகரெட்டுக்கும் எட்டாத இடத்தில் உலர்த்தி, பிறகு மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். சாக்கடையில் தள்ளுவதும், போகி வரை சேர்த்துவைத்துக் கொளுத்துவதும் கூடாது. பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. பட்டறைகள் பழைய ஆயிலைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் சேரும் கையளவு பொடியை, ஆயில் மாற்றும் பட்டறையில் அவர்களுடைய ஆயில் கழிவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்; முறையாக நடத்துபவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

குடியாத்தம் கடைக்காரர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கடைக்கு முன்னால் வண்டிகள் நிற்கும் இடம் தார் போட்ட தரை. அங்கேயும் ஆயில் சொட்டி, கையால் கிள்ளினாலே பெயர்ந்து வருகிற அளவுக்கு இளகிவிட்டது. அதற்கும் இந்தப் பற்றுப் போடலாமா?

சத்துவாச்சாரி பொறியாளர் (ஓய்வு):

கூடவே கூடாது. தாரும் ஆயிலும் ஒரே பெட்ரோலியக் குடும்பம்; டர்பன்டைன் கறையோடு தாரையும் சேர்த்துக் கரைத்து, ஜல்லியை உதிர்த்துவிடும். தார்த் தரையில் சொட்டியதை உடனே மரத்தூளால் ஒற்றி எடுத்து, டிடர்ஜென்ட் தண்ணீரால் மென்மையாகத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் தரை கிள்ளினால் வரும் நிலைக்குப் போய்விட்டதால், இனி அதைச் சுத்தம் செய்து பயனில்லை. இளகிய பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தார்க் கலவை போட்டு இடிக்க வேண்டும். தொடர்ந்து வண்டிகள் நிற்கும் இடம் என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் காங்கிரீட் போட்டுவிடுவது நல்லது.

காட்பாடி வாசி:

கற்களை மாற்றிவிட்டோம், ஐயா. துளசி மாடத்துக்குப் பின்னால் இருந்தவை வெயில் படாததால் சிவப்பு சற்றுத் தூக்கலாக இருக்கிறது. கோலத்துக்குக் கீழே போய்விடுவதால் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. இனிமேல் கறை பிடிக்காமல் இருக்க சீலர் அடிக்கச் சொல்கிறார்கள். அது தேவைதானா?

சத்துவாச்சாரி பொறியாளர் (ஓய்வு):

வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் அடித்தால் போதும். வாங்கும்போது, அது ஆயிலைத் தடுக்குமா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். சிலேன் வகை சீலர்களில் பல தண்ணீரைத் தடுக்குமே தவிர ஆயிலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மேலே படலமாகப் படியும் அக்ரிலிக் வகை ஆயிலைத் தடுத்தாலும், சூடான டயர் பட்டு உரியக்கூடும். மழையில் வழுக்கவும் செய்யும். எதை அடித்தாலும், ஆயிலை மணிக்கணக்கில் தேங்கவிட்டால் பயனில்லை. துடைப்பதற்கு உங்களுக்குச் சற்று அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். புதிதாக நிரப்பிய இடுக்கு மணல் நன்றாகப் படிந்த பிறகே அடிக்க வேண்டும். ஆனியில் சாயங்கால இடிமழை வந்துபோகும் என்பதால், சேர்ந்தாற்போல் சில நாட்கள் மழையில்லாமல் வெயில் கிடைக்கிறதா என்று பார்த்து, கல் முழுவதும் உலர்ந்த பிறகு ஒரு காலைப்பொழுதில் அடியுங்கள்.